கட்சி மாறிய சொல்

கேள்வி: 'ஷோ' என்ற ஆங்கிலச் சொல் 'காட்டு' என்று வினையாகவும், 'காட்சி', 'பகட்டு' என்று பெயராகவும் வருகிறதே, இதன் மூலம் என்ன?

பதில்: பழைய ஆங்கிலத்தில் 'ஷேயவியன்' என்று ஒரு வினை இருந்தது. அதற்குப் பொருள் 'காட்டு' அல்ல, 'பார்'! அதன் ஜெர்மன் உறவான 'ஷாவன்' இன்றும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆங்கிலச் சொல் மட்டும் சுமார் 1200-ஆம் ஆண்டையொட்டிப் 'பார்க்கச் செய்' என்று கட்சி மாறிவிட்டது. தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. காண் என்பதிலிருந்து காட்டு, உண் என்பதிலிருந்து ஊட்டு என்று வேலை மாறும்போது சொல்லும் உருமாறிக்கொள்ளும். ஆங்கிலச் சொல் உடுப்பை மாற்றாமலே வேடத்தை மாற்றிக்கொண்டது.

பகட்டு என்ற பொருளும் இங்கிருந்துதான். பார்க்கவைப்பதற்காகவே செய்வதில் பாசாங்கு கலக்காமல் இருக்குமா? 'ஷோ காட்டாதே' என்கிறோமே, அதில் ஒரே பொருள் இரண்டு மொழிகளில் இரண்டு முறை வந்து உட்கார்ந்திருக்கிறது.

எழுத்துக்கூட்டலில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. ஆங்கில ஆசிரியராக இருந்தபோது, ஒரு மாணவன் இச்சொல்லில் 'ஓ' (o) வரவேண்டிய இடத்தில் 'ஈ' (e) எழுதியிருந்தான். சிவப்பு மையால் சுழித்துவிட்டேன். மறுநாள் 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள் மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்து விரல் வைத்துக் காட்டினான். அதிலும் 'ஈ'தான்! உச்சரிப்பு 'ஷோ', எழுத்து மட்டும் அப்படி. பெர்னார்ட் ஷாவும் இருபதாம் நூற்றாண்டில் பிடிவாதமாக அப்படித்தான் எழுதினார். பிடுங்கிய அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். அவனிடம் முகம் கொடுத்துப் பேச எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இதே வேரில் கிளைத்த இன்னொரு சொல்லைக் கேட்டால் நம்பமாட்டீர்கள்: 'ஸ்கேவஞ்சர்'. இடைக்கால லண்டனில் வெளியூர் வணிகர்கள் விற்பனைக்குக் காட்டிய சரக்கின்மேல் 'ஸ்கேவேஜ்' என்றொரு வரி இருந்தது. 'பார்வையிடு' என்ற பொருள்கொண்ட ஃபிளெமிஷ் (பெல்ஜியத்தில் பேசப்படும் டச்சு வகை) வினை பிரெஞ்சு வழியாக வந்து அந்தப் பெயரைத் தந்தது. வரியை வசூலித்தவர் 'ஸ்கேவேஜர்'. நடுவில் நுழைந்த 'ன்' ஒலி 'மெஸஞ்ச'ரில் நுழைந்ததைப் போன்ற ஓசை ஒட்டுதான். பிறகு தெருக்களைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. வரி மறைந்தது, குப்பை நின்றது. சரக்கைப் பார்வையிட்ட அதிகாரியின் பட்டம் இப்போது குப்பை பொறுக்குபவருக்கும் பிணந்தின்னும் கழுகுக்கும் போய்விட்டது.