பெற்றோர் பக்கத்தில் குடிபோகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

கொரோனா ஊரடங்கு தளர்ந்து, 2021 ஜூலை 5 முதல் தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக அரசு அனுமதியான இ-பாஸும் வேண்டாம், இ-பதிவும் வேண்டாம் என்றாகிவிட்டது. அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயம்: வீட்டைக் காலி செய்துகொண்டு பெற்றோர் பக்கமே போய்விடலாமா என்பது. அவற்றில் நான்கும், அப்போதைய நிலவரப்படி தந்த பதில்களும் இந்த இதழில்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 67. கும்பகோணத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார்கள். மே மாதம் அம்மா கால் தவறி விழுந்தபோது ஊரடங்கு. தாம்பரத்திலிருந்து எங்களால் கிளம்ப முடியவில்லை. இப்போது எனக்கும் என் கணவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. மாடி போர்ஷன் காலியாகிறது, வந்துவிடுங்கள் என்கிறார்கள். ஐந்து வயதில் பையன் இருக்கிறான். நாங்களே நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. அம்மா, அப்பா இருவருக்கும் மே 15 அன்று கோவிஷீல்டு முதல் ஊசி போட்டாயிற்று. – வாசகி, தாம்பரம்

பதில்: போங்கள். ஆனால் மாடியில் தனிச் சமையலறை இருக்க வேண்டும், வெளிப்பக்கம் தனிப் படி இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் அடுத்த தெருவில் வாடகைக்குப் பாருங்கள். கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் நடந்து வரும் தூரம் போதும். யாருக்காவது காய்ச்சல் கண்டால் ஒரு குடும்பம் கதவைச் சாத்திக்கொள்ள முடியவேண்டும். சமையலறை ஒன்றாக இருந்தால் அது நடக்காது. மூன்று வேளையும் ஒரே அறையின் காற்றைத்தான் எல்லோரும் சுவாசிப்பார்கள்.

அடுத்தது தேதி. இந்த 2021 விதிப்படி கோவிஷீல்டு இரண்டாவது ஊசிக்கு 84 நாள் இடைவெளி. மே 15-லிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 7. ஊசி போட்டபின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி கூட இன்னும் இரண்டு வாரம் ஆகும், அது ஆகஸ்ட் 21. அதற்குள் ஆவணி பிறந்துவிடுகிறது. ஆடியில் குடிபோகக் கூடாது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் இந்த முறை மறுபேச்சு பேசாதீர்கள். தடுப்பூசிக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஆடி முழுக்க மூட்டை கட்டலாம்.

கிளம்பும் நாளில் எடுத்த கொரோனா சோதனை (ஆர்.டி.பி.சி.ஆர்) ‘நெகட்டிவ்’ என்றால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் முன்பு தொற்றியிருந்தால் அன்றைய சோதனையில் அகப்படாமல் போகலாம். வீடு மாற்றுகிற வாரத்தில்தான் சுமை தூக்குபவர், எலக்ட்ரீஷியன், வீட்டு உரிமையாளர் என்று பலரோடும் பழகியிருப்பீர்கள். ஆகவே போய் இறங்கியதும் 14 நாள் மாடியிலேயே இருங்கள், ஆறாவது ஏழாவது நாளில் சோதனை செய்துகொள்ளுங்கள். அம்மா சமைத்து அனுப்ப ஆசைப்பட்டால் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுப் போகட்டும். பேச்செல்லாம் மொட்டை மாடியிலோ வாசலிலோ, முகக்கவசத்தோடு, இரண்டு கை நீள இடைவெளியில். பால் காய்ச்சுவதையும் நீங்கள் மூவரே செய்துவிடுங்கள். உறவுக்காரர்களை அழைக்க இது நேரமில்லை.

இதில் மிகக் கடினமானது பையனைத் தாத்தாவிடம் ஓடாமல் நிறுத்துவதுதான். தினசரிக் காலண்டரில் பதினைந்தாம் நாள் தாளில் அவன் கையாலேயே ஒரு படம் வரையச் சொல்லுங்கள். தினமும் ஒரு தாளைக் கிழிக்கட்டும். படம் போட்ட தாள் வந்தால் தாத்தா மடி என்று சொல்லிவையுங்கள். கீழே தாத்தாவுக்கும் அதே தேதியைச் சொல்லிவிடுங்கள், அவரும் பொறுத்திருப்பார்.

ஒரு பணக் கணக்கும் உண்டு. மாடிக்குத் தனி மின் மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். 2021-ல் இருந்த கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் பில் ரூ.1,130 வந்தது. ஒரு யூனிட் கூடி 501 ஆனால் ரூ.1,786-க்குத் தாவியது. முழுப் பயன்பாட்டுக்கும் விகிதம் மாறியதே காரணம். இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் ஓட்டினால் 500-ஐத் தாண்டாமல் இருப்பது சிரமம்.

கேள்வி: அம்பத்தூரிலிருந்து திருநெல்வேலிக்குச் சாமான் ஏற்ற வேண்டும். பார்ட் லோடு (பிறர் சாமானோடு சேர்த்து ஏற்றுவது) என்றால் பாதி வாடகை என்கிறார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும்? – வாசகர், அம்பத்தூர்

பதில்: பார்ட் லோடில் உங்கள் சாமான் வழியில் ஏதாவது குடோனில் இறங்கி, வேறு வண்டியில் ஏறும். உடைவதும் காணாமல் போவதும் பெரும்பாலும் அங்கேதான். கை படும் ஆட்களும் இரட்டிப்பு. இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் பொதுவாக 14 அடி லாரியில் அடங்கும், முழு வண்டியாகவே பேசுங்கள்.

பெட்டிகளுக்கு எண் போடும்போது மேல்பக்கம் போடாதீர்கள், அடுக்கியபின் தெரியாது. பக்கவாட்டில் போடுங்கள், கூடவே ‘சமையல் 3’, ‘ஹால் 5’ என்று எந்த அறை என்பதையும் எழுதுங்கள். ஏற்றி இறக்குகிறவர்கள் உங்களிடம் வந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிராது. பீரோவை மாடிக்குத் தூக்குகிறவரால் முகக்கவசம் போட்டுக்கொண்டு மூச்சு விட முடியாது, அவரைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். அவர்கள் போனபிறகும் ஒரு மணி நேரம் ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும். சாமான்களை மருந்து தெளித்துத் துடைப்பதைவிட இது முக்கியம், ஏனென்றால் கொரோனா அதிகம் பரவுவது மூச்சுக்காற்றால்தான்.

ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து, ஐஸ் முழுக்கக் கரைந்தபின் பின்புறத் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நிமிர்த்தியேதான் கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரெஸரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும், அந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் கம்ப்ரெஸர் பழுதாகும். இறக்கியபின் நான்கு மணி நேரம் சும்மா நிற்கட்டும், வழியில் படுக்கவைத்திருந்தால் ஒரு முழு நாள்.

முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினாக இருந்தால், வாங்கும்போது பின்புறம் மாட்டியிருந்த நீளமான போல்ட்டுகளைத் தேடி எடுத்து மறுபடி மாட்டுங்கள். அவை இல்லாவிட்டால் டிரம் ஆடி ஆடி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கெட்டுப்போகும். கிரைண்டரில் குழவிக்கல்லைக் கழற்றித் தனியாகப் போர்வையில் சுற்றுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை நெகட்டிவ் ஒயர் முதலில் கழற்றி, நிமிர்த்தி, கடைசியாக ஏற்றுங்கள். சாய்ந்தால் ஆசிட் கொட்டிப் பக்கத்து மெத்தையைப் பொசுக்கிவிடும்.

கேள்வி: கேஸ், பள்ளி, ரேஷன் கார்டு இவற்றில் எதை முதலில் மாற்றுவது? – வாசகி, பெரம்பூர்

பதில்: பள்ளியை. டி.சி. கையில் வாங்கினால் மட்டும் போதாது. பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் பதிவேடான எமிஸ் இணையதளத்தில் பழைய பள்ளி உங்கள் பிள்ளையை விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் பட்டியலில் சேர்க்க முடியும். டி.சி. வாங்கும்போதே எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கேயே விடுவிக்கச் சொல்லுங்கள். 600 கிலோமீட்டர் தள்ளிப் போனபின் தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருக்காது. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் சேர, டி.சி. தாமதம் ஒரு தடை ஆகாது. கல்வி உரிமைச் சட்டமே அப்படிச் சொல்கிறது.

வேறு ஊருக்குப் போவதானால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டிரான்ஸ்ஃபர் வவுச்சர் கேளுங்கள். புது ஏஜென்சியில் வவுச்சரைக் கொடுத்து அதே டெபாசிட்டைக் கட்ட வேண்டும். நடுவில் சில நாள் கேஸ் இருக்காது, இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். சிலிண்டரைச் சாமானோடு லாரியில் ஏற்றவே கூடாது.

ரேஷனுக்கு அவசரமில்லை. 2020 அக்டோபரிலிருந்து வேறு ஊர்க் கடையிலும் கைரேகை வைத்து வாங்க முடிகிறது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இன்னொன்று: பழைய வருமான வரி முறையில் வாடகைப்படிக்கான வரிச் சலுகை உச்சவரம்பு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், சிறு ஊர்களில் 40. இடம் மாறிய மாதத்தை அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: சிவகங்கை பக்கம் கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். நான் இருப்பது கோவையில். அழைத்தால் வர மறுக்கிறார். – வாசகர், கோவை

பதில்: வேலையை விட்டு நீங்கள் போக முடியாதென்றால் அம்மா வருவதுதான் வழி. ஆனால் ஒரேயடியாக வந்துவிடும்படி சொல்லாதீர்கள். தீபாவளி வரை இருந்து பாருங்கள், வீடு அப்படியே இருக்கும், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும் என்று சொல்லுங்கள். அதைச் சொன்னபடி நடத்தவும் வேண்டும். ரேஷன் கார்டில் பெயரை மாற்றாதீர்கள், வீட்டை வாடகைக்கு விடாதீர்கள். கோவை வீட்டில் கழிப்பறைக்கு அருகிலுள்ள அறையை ஒழித்துக் கொடுத்து, சுவரில் பிடிமானக் கம்பி ஒன்று பொருத்துங்கள்.

இரண்டாவது கொரோனா தடுப்பூசியை (2021 விதிப்படி) எந்த ஊரிலும் போடலாம். முதல் ஊசிக்குக் கொடுத்த செல்பேசி எண்ணும் அடையாள அட்டையும் வேண்டும். அங்குள்ள மருத்துவரின் சீட்டோடு ஒன்றரை மாத மருந்து வாங்கிவாருங்கள்.

காரில் வரும்போது இன்சுலின் ஐஸ் கட்டியைத் தொடக்கூடாது. உறைந்துவிட்டால் வேலை செய்யாது, தூக்கி எறிய வேண்டியதுதான். ஐஸ் பையை ஒரு துண்டிலும் மருந்தை இன்னொரு துண்டிலும் சுற்றி, ஒரே டப்பாவில் வையுங்கள். வெயில் படும் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். காலை ஊசி போட்டபின் ‘ஊர் போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன்’ என்பார், விடாதீர்கள், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். இட்லியும் தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துவந்து, மரநிழலில் வண்டியை நிறுத்தி வழக்கமான நேரத்துக்கே சாப்பிட வையுங்கள். கை எட்டும் இடத்தில் ஒரு பொட்டலம் சர்க்கரையும் இருக்கட்டும்.