வயலினால் பேயைச் சுடலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் உயர்நிலை 1 படிக்கிறாள். ஆறு ஆண்டுகளாக வயலின் கற்கிறாள். அவளைப் பயிற்சிக்கு உட்காரவைப்பது எங்கள் வீட்டில் தினசரிச் சண்டை. ஜூன் விடுமுறையில், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அவளுடைய அத்தை மகன் வந்து கணினியில் ஒரு மைக்கைப் பொருத்தி ஏதோ செய்துவிட்டுப் போனான். இப்போது இவள் சட்ஜம் (ஸ) வாசித்தால் விளையாட்டில் உள்ள பொம்மை முன்னால் நடக்கிறது, பஞ்சமத்துக்குப் (ப) பின்னால் போகிறது, காந்தாரத்துக்குக் (க) குதிக்கிறது, ரிஷபத்துக்குப் (ரி) பேயைச் சுடுகிறது. சண்டை நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் வயலினும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் இது தெரியவந்தபோது அவளுடைய ஆசிரியை, "சரஸ்வதியை மடியில் வைத்துக்கொண்டு பேய் சுடுகிறாயா?" என்று கேட்டுவிட்டார். பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். நான் தடுக்க வேண்டுமா? இந்த ஒரு மணி நேரத்தைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கலாமா?

(பெயர் வேண்டாம்)
செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

சரஸ்வதி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வயலின் நம் வீட்டில் பிறந்த பிள்ளை இல்லை. சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்களின் கையில் இருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஓர் ஐரோப்பியரிடம் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அவர்கள் நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசித்ததை நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கிறோம். கம்பிகளின் சுருதியைக்கூட மாற்றிவிட்டோம். அன்றைக்கு லண்டனிலிருந்து ஒரு வயலின் வாத்தியார் வந்து பார்த்திருந்தால் உங்கள் ஆசிரியையைவிடக் கடுமையாகவே கேட்டிருப்பார். அழ வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.

பயிற்சிக் கணக்கு பற்றிய கேள்விதான் சுவையானது. அதற்கு என்னிடம் பாதி ஆம், பாதி இல்லை.

வாத்தியத்தையும் வீடியோ விளையாட்டையும் முடிச்சுப்போடுவது புதிதில்லை. 1990இலேயே நிண்டெண்டோ விளையாட்டுக் கருவிக்கு மிராக்கிள் என்றொரு பியானோ விசைப்பலகை வந்தது. சரியான கட்டையை அழுத்தினால் திரையில் வாத்து சுடப்படும். 2005இல் வந்த கிட்டார் ஹீரோவில் இருந்தது பிளாஸ்டிக் கிட்டார், ஐந்து வண்ணப் பொத்தான்கள். என் அண்ணன் மகன் அதில் சூரன். அவன் கையில் ஒருநாள் நிஜக் கிட்டாரைக் கொடுத்தபோது, ஆறு கம்பிகளையும் பார்த்துவிட்டு, "சித்தப்பா, பொத்தான் எங்கே?" என்று கேட்டான். 2011இல் ராக்ஸ்மித் வந்து, நிஜ மின்கிட்டாரையே ஒரு கம்பிவடத்தால் விளையாட்டுக் கருவியில் செருகவைத்தது. இவையெல்லாம் இசையைச் சுற்றி அமைந்த விளையாட்டுகள். உங்கள் வீட்டில் நடப்பது வேறு. அந்த விளையாட்டுக்கும் இசைக்கும் சம்பந்தமே கிடையாது. கட்டைவிரல் செய்யவேண்டிய வேலையை வயலின் செய்கிறது, அவ்வளவுதான்.

போன வருடம் புக்கிட் பாத்தோக்கில் நண்பர் வீட்டில் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் மகள் பத்து வருடமாக வயலின் வாசிப்பவள். தோடி ராகத்தின் சுரங்களுக்கு விளையாட்டின் அசைவுகளை ஒதுக்கியிருந்தாள். ரிஷபத்துக்குச் சுடுதல், காந்தாரத்துக்குக் குதித்தல், மத்யமத்துக்குக் (ம) குனிதல். பொம்மை ஒரு குழியின் விளிம்பில் நிற்கிறது. குதிக்க வேண்டும். அவள் கை பழக்கத்தில் தோடியின் காந்தாரத்தைப் பிடித்தது. அது எப்படி வரும் என்று ஆசிரியையிடம் கேட்டால் சொல்வார்: ஓர் இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடும், அந்த ஆட்டத்துக்குத்தான் காந்தாரம் என்று பெயர். கணினி என்ன கேட்டது? ரிஷபம், மத்யமம், ரிஷபம், மத்யமம். பொம்மை குளிர்காய்ச்சல் வந்ததுபோல் சுட்டது, குனிந்தது, சுட்டது, குனிந்தது, குழியில் விழுந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை அவள் கமகத்தை, அதாவது சுரத்தின் அந்த ஆட்டத்தை, உதறிவிட்டு விரலை ஆணி அடித்ததுபோல் ஒரே இடத்தில் வைத்தாள். பொம்மை தாண்டியது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர் கேட்டதற்காகத் தோடி வர்ணத்தை வாசித்தாள். இரண்டாவது வரியில் காந்தாரம் ஒரு கணம் அசையாமல் நின்றது. அவளே முகத்தைச் சுளித்து, மறுபடி வாசித்தாள்.

எனக்கு அச்சம் அந்த ஒரு கணத்தைப் பற்றித்தான், பேயைப் பற்றி இல்லை. கணினிக்கு இருப்பது பியானோக் காது. மைக் கேட்ட ஒலியின் அதிர்வெண்ணைக் கணக்கிட்டு, பக்கத்தில் எந்தச் சுரம் இருக்கிறதோ அதில் தள்ளி, அதற்குரிய விசை அழுத்தப்பட்டதாக விளையாட்டிடம் சொல்கிறது. மின்னணு வாத்தியங்கள் 1983 முதல் பேசிவரும் மிடி மொழியில் சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். பியானோவின் நடு C கட்டை 60, அடுத்த கட்டை 61. சுரத்தின் வளைவைச் சொல்லத் தனிக் கட்டளை இருக்கிறது, ஆனால் இப்படி வீட்டில் கட்டிய ஏற்பாடுகளில் அதை யாரும் சீண்டுவதில்லை. நம் இசையோ 60க்கும் 61க்கும் நடுவில்தான் பாதி நாள் குடியிருக்கிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் விரல் எதைக் கேட்டாலும் கற்றுக்கொள்ளும். பொம்மை குதிக்க வேண்டும் என்பதற்காகக் காந்தாரத்தைத் தட்டையாக்க அது ஒரு வாரத்தில் கற்றுவிடும்.

எனவே அத்தை மகனைக் கூப்பிட்டுச் சில மாற்றங்களைச் செய்யச் சொல்லுங்கள். பிள்ளை கெட்டிக்காரன், அரை மணி நேர வேலை.

காந்தாரத்தையும் ரிஷபத்தையும் விடுவித்துவிடட்டும். சட்ஜமும் பஞ்சமமும் அசையாச் சுரங்கள். அவற்றை நேராக நிறுத்தி வாசிப்பது பாடத்துக்கு விரோதமில்லை. கீழ் பஞ்சமம், நடு சட்ஜம், நடு பஞ்சமம், மேல் சட்ஜம் என்று நான்கு கிடைக்கின்றன. நடக்க, திரும்ப, குதிக்க, சுட நான்கு போதும்.

அடுத்தது, அந்த நிரல் எவ்வளவு தாராளமாகக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தை 100 சென்ட் என்று பிரிப்பார்கள். 'பக்கத்துச் சுரத்தில் தள்ளு' என்று மட்டும் சொல்லியிருந்தால், 40 சென்ட் விலகிய பஞ்சமமும் பஞ்சமமாகத் தேறிவிடும். மனிதக் காதுக்கு அது பல் கூசும் அபசுரம். அந்த வரம்பை 15 சென்ட்டாகக் குறுக்கச் சொல்லுங்கள். அப்போது சுருதி விலகினால் பொம்மை நகராது. வீட்டில் நீங்கள் தொண்டை வறளச் சொல்லிவந்ததைப் பேய் வந்து சொல்லிக்கொடுக்கும்.

அவளுடைய சட்ஜம் எது என்பதையும் நிரலுக்குச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் ஐந்து கட்டைச் சுருதி என்றால் வீட்டிலும் அதுவே. நிரலுக்கு ஏற்ப வயலினைச் சுருதி மாற்றிக்கொள்வது தலைகீழ் வேலை. புளூடூத் காதொலிப்பானையும் எடுத்துவிடுங்கள். விளையாட்டில் ஒரு சட்டகம் (திரையில் தோன்றும் ஒரு படம்) பொதுவாக நொடியில் 60இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 17 மில்லிநொடி. புளூடூத் பல சட்டகங்களைத் தின்றுவிடும். பிள்ளை தாளத்துக்கு முந்தி வாசிக்கப் பழகிவிடுவாள்.

இதில் கிடைக்கும் லாபம் ஒன்று எனக்கே பிறகுதான் உறைத்தது. சட்ஜம் ஒலிக்கும்வரை பொம்மை நடக்கும் என்றால், வில்லைத் திருப்பும் இடத்தில் ஒலி அறுந்தால் பொம்மை நின்றுவிடும், பேய் பிடித்துவிடும். நண்பர் மகள் அன்று அந்தப் பேய்க்குப் பயந்துதான் நீளமாக, திருப்பம் கேட்காமல் வில் போட்டாள். வகுப்பில் நீள வில் பயிற்சி என்றால் கொட்டாவி விடாத குழந்தை உண்டா?

(உங்கள் வீட்டுப் பையன் யாராவது மிருதங்கம் கற்றால் இந்தத் தொல்லை பாதி குறையும். தட்டினால் தொடங்கும், உடனே ஓயும், பொத்தானுக்கு ஏற்ற ஒலி. வீவக அடுக்குமாடி வீட்டில் கீழ்த்தளத்துக்காரர் என்ன சொல்வார் என்பது தனி.)

ஆக, நீள வில்லும் சுருதியும் கணக்கில் சேரும். அரை மணி நேரம் என்று போட்டுக்கொள்ளுங்கள். வர்ணமும் கீர்த்தனையும் மைக்கை அணைத்துவிட்டு, தனியாக. ஆசிரியையை ஒரு சனிக்கிழமை தேநீருக்கு அழைத்து அவர் கையிலேயே வயலினைக் கொடுத்துப் பாருங்கள். தோடி காந்தாரம் வேண்டாம், முதலில் சட்ஜம் மட்டும். அவர் எத்தனை பேய்களைச் சுட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.