மூன்று மாதத் தற்காலிக இணைப்பு, முகம் கொடுக்காத அக்கா: என்ன செய்யலாம்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு நெடுந்தீவுக் கந்தோரில் போய் வேலை செய்யச் சொல்லித் தற்காலிக இணைப்புக் கடிதம் வந்திருக்கிறது. அங்கே என் பிரிவில் இருக்கும் அக்காவை முன்பே தெரியும். கேட்ட கோவையை (ஃபைலை) தரமாட்டார், எல்லார் முன்னாலும் குத்திக் கதைப்பார். போகாமல் விடலாமா?

போங்கள், தங்கச்சி. மேன்முறையீடு எழுதலாம். ஆனால் கடிதத்திலுள்ள திகதியில் கடமையைப் பொறுப்பேற்றுக்கொண்டே எழுதுங்கள். போகாமல் வீட்டில் நின்றால் பதவியை வறிதாக்கியதாக, அதாவது நீங்களாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கொள்ளும் நிலைமை வரலாம். ஒருவரின் வாய்க்குப் பயந்து அந்தளவுக்குப் போகவேண்டாம். அவரோடு ஒத்துவராது என்பது மட்டும் காரணமாக எடுபடாது. சுகயீனம், கைக்குழந்தை என்று ஏதும் இருந்தால் ஆதாரத்தோடு எழுதுங்கள்.

அந்த அக்காவின் குணத்தை மாற்ற மூன்று மாதம் காணாது, அது உங்கள் வேலையும் இல்லை. அவர் கதைத்த கதை நெடுந்தீவோடு நின்றுவிடும். நீங்கள் வைத்த கையொப்பமோ, திரும்பி வந்து வருடங்கள் கழிந்த பிறகும் கணக்காய்வாளர் விளக்கம் கேட்கும் ஐயவினாவாக உங்களைத் தேடி வரலாம். கவலைப்படவேண்டியது அதற்குத்தான்.

முதல் நாளே நிர்வாக உத்தியோகத்தரிடம் கடமைப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். "அக்காவோட சேர்ந்து பாருங்கோ" என்று வாயால் சொல்லிவிடுவார்கள். பிரச்சினை முளைப்பதே அங்கேதான். எந்த விடயம் உங்களது, எது அவருடையது, ஒருவர் லீவில் நின்றால் மற்றவர் எதைப் பார்ப்பது என்று அதில் இருக்கட்டும். கோவைகளைக் கையேற்கும்போது கோவை இலக்கத்தோடு கடைசிக் கடிதத்தின் பக்க இலக்கத்தையும் குறியுங்கள். உதாரணமாக, 84ஆம் பக்கம் வரை கையேற்றேன் என்று திகதியிட்டு இருவரும் கையொப்பம் வையுங்கள். இடையில் 61ஆம் பக்கம் இல்லையென்றால் அதையும் அன்றே எழுதுங்கள்.

நெடுந்தீவில் படகு நேரமும் ஒரு சிக்கல். குறிகாட்டுவான் இறங்குதுறைக்குக் கடலில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். கடைசிப் படகை விட்டால் இரவு அங்கேதான். எல்லாரும் பையைத் தூக்கும் நேரம் பார்த்து ஒரு வவுச்சர் உங்கள் மேசைக்கு வரும்: "சும்மா ஒரு கையெழுத்துத்தான், கெதியா வையுங்கோ." வைக்காதீர்கள். சான்றுப்படுத்தியவரே அதற்குப் பதில் சொல்லவேண்டும். "நாளைக்குக் காலமை முதல் வேலையாப் பாக்கிறன் அக்கா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த நாள் சொன்னபடி அதையே முதலில் எடுங்கள், இல்லாவிட்டால் குற்றம் உங்கள் பக்கம் வந்துவிடும்.

அவர் ஏன் கோவையை ஒளிக்கிறார் என்றும் யோசியுங்கள். நீண்டகாலமாகத் தனியாக இழுத்த வேலைக்குள் திடீரென்று ஒருவரைக் கொண்டுவந்து விட்டால், "என்னில பிழை பிடிக்க அனுப்பினமோ" என்ற பயம் யாருக்கும் வரும். நான் பார்த்த கந்தோர்ப் பிணக்குகள் பலவற்றுக்கு இந்தப் பயம்தான் வேர். முதல் கிழமையிலேயே, "நான் மூண்டு மாதத்தில போயிடுவன் அக்கா, இந்தப் பதிவேட்டை எப்பிடி வைச்சிருக்கிறியள் எண்டு ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். மனதாரக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த விடயம் உங்களுக்கு உண்மையிலேயே தேவை.

குத்திக் கதைத்தால் சேவை பெற வந்த சனத்துக்கு முன்னால் பதில் சொல்லவேண்டாம். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "பிழை இருந்தா எனக்கு நேர சொல்லுங்கோ" என்று சொல்லுங்கள். கந்தோர் வட்ஸ்அப் குழுவில் இதைப்பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஊரையோ சாதியையோ இழுத்து அவமானப்படுத்தினால் பொறுத்துப்போகத் தேவையில்லை: திகதி, நேரம், சொன்ன சொல், பக்கத்தில் நின்றவர் எல்லாவற்றையும் குறித்து, முதலில் நிர்வாக உத்தியோகத்தரிடமும், பலனில்லையென்றால் பிரதேச செயலாளரிடமும் எழுத்தில் கொடுங்கள்.

மூன்று மாதம் முடியும் தறுவாயில் "இன்னும் கொஞ்ச நாள் நில்லுங்கோ" என்றால் நீடிப்புக் கடிதம் கேளுங்கள். அது வராவிட்டால் உங்கள் நிரந்தரக் கந்தோருக்கு நேரத்தோடு அறிவியுங்கள். வெளிக்கிடும்போது கோவைகளைப் பட்டியலிட்டு ஒப்படைத்து, அதன் பிரதியொன்றை உங்கள் தனிப்பட்ட கோவையில் சேர்ப்பியுங்கள்.