ரங்கூன் ஜாடியின் அடியில் பேரரசர் பெயர்: அரண்மனைச் சாமானா?

கேள்வி: என் கணவரின் தாத்தா ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். அவர் கொண்டுவந்த சீன பீங்கான் ஜாடி ஒன்றும் பெரிய தட்டு ஒன்றும் தேவகோட்டை வீட்டில் இருக்கின்றன. ஜாடியின் அடியில் நான்கு சீன எழுத்துகள். அதைப் பார்த்த தரகர், "350 வருஷப் பழசு, அரண்மனைச் சாமான், ஹாங்காங் ஏலத்தில் 40 லட்சம் போகும்" என்கிறார். பதிவுக் கட்டணம் 60,000 ரூபாய் கேட்கிறார். தட்டில் ஐந்து வௌவால்கள் இருக்கின்றன. அது வீட்டுக்கு ஆகாது, சேர்த்துக் கொடுத்துவிடு என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த 60,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதை எல்லாம் அப்புறம் நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். தரகர் எழுத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். இரண்டு நீல வளையங்களுக்குள் இரண்டு வரிசை. வலது வரிசையிலிருந்து தொடங்கி, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். வலதில் 'காங்ஷி', இடதில் 'காலத்தில் செய்தது'. ஆறு எழுத்தாக இருந்தால் முன்னால் 'மகா சிங்' என்று வம்சப் பெயரும் சேரும். காங்ஷி பேரரசரின் காலம் 1662 முதல் 1722 வரை. தரகர் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் எழுத்து சொல்வதை வயது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திருநெல்வேலி அல்வா என்று பலகை மாட்டிய கடையெல்லாம் திருநெல்வேலியிலா இருக்கிறது? பழைய பேரரசர்களின் பெயரைப் புதுப் பாண்டத்தில் எழுதுவது சீனக் குயவர்களுக்கு நெடுநாள் வழக்கம். ஏமாற்றுவதற்காக எழுதியதும் உண்டு, முன்னோர் வேலைக்கு மரியாதையாக எழுதியதும் உண்டு. குவாங்சூ பேரரசரின் காலத்தில், அதாவது 1875க்கும் 1908க்கும் நடுவில், காங்ஷி பாணி நீல வெள்ளைப் பீங்கானுக்கு ஐரோப்பாவில் ஏக கிராக்கி. சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தெசென் சூளைகளிலிருந்து இதே நான்கு எழுத்தோடு ஜாடிகள் கணக்கில்லாமல் வெளியே போயின. உங்கள் கணவரின் தாத்தா ரங்கூனில் இருந்த காலத்துக்கும் அது பொருந்துகிறது. படத்தில் பார்த்த வரையில் உங்கள் ஜாடி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. அழகான பொருள்தான், அரண்மனை வாசலைக் கண்டதல்ல.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், பெயர் பொருந்தவில்லை என்றதும் போலி என்று நினைத்து நல்ல பொருளை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். 1677இல் ஜிங்தெசென் அதிகாரி ஒருவர், பீங்கானில் பேரரசரின் பெயரை எழுதக் கூடாது என்று தடை போட்டார். பாண்டம் உடைந்தால் பெயர் குப்பைக்குப் போகுமே, அது அவமரியாதை ஆகிவிடுமே என்ற கவலை. சூளைக்காரர்கள் என்ன செய்தார்கள்? சிலர் ஓர் இலையை வரைந்தார்கள். சிலர் வளையத்தை மட்டும் போட்டு உள்ளே காலியாக விட்டார்கள். பலர் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய மிங் பேரரசர் செங்ஹுவாவின் பெயரை எழுதினார்கள். அதனால் அசல் காங்ஷி காலத்துப் பாண்டம் 'செங்ஹுவா' என்று பொய் சொல்லும். உங்களுடையதைப் போன்ற இருநூறு ஆண்டு இளைய ஜாடி 'காங்ஷி' என்று சொல்லும். தடை என்றைக்கும் கண்டிப்பாக நடந்ததுமில்லை, எனவே காங்ஷி பெயர் போட்ட அசலும் உண்டு. பெயர் தப்பு என்பதால் பொருள் தப்பாகாது, பெயர் சரி என்பதால் பொருள் சரியும் ஆகாது. அடிவட்டத்தின் களிமண், மெருகு, நீலத்தின் சாயல், எடை இவற்றைக் கையில் வைத்துப் பார்ப்பவர்தான் வயது சொல்ல முடியும்.

தட்டின் பின்னால் சிவப்புச் சதுரத்துக்குள் கோடு கோடாக இருப்பதும் பேரரசர் பெயர்தான், முத்திரை எழுத்தில். கையால் எழுதியதா, அச்சு குத்தியதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். உங்கள் படத்தில் அச்சு போலத்தான் தெரிகிறது. அப்படியானால் வெகு பழசு கிடையாது. ஆங்கிலத்தில் 'சைனா' என்றும் எழுதியிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது அப்போதுதான்.

சரி, வௌவால். உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், அந்தத் தட்டு வீட்டுக்கு வந்த ஆசீர்வாதம். சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேறுக்கும் 'ஃபூ' என்று ஒரே ஒலி. அதனால் வௌவாலை வரைந்தால் பேறு வரட்டும் என்று வாழ்த்துவதாகிறது. ஐந்து என்றால் ஐந்து பேறு: நீண்ட ஆயுள், செல்வம், நோயற்ற நிம்மதி, அறத்தில் நாட்டம், கடைசியாக, கிடையில் கிடக்காமல் நல்ல சாவு. நடுவில் வட்டமாகப் பின்னியிருப்பது கோலம் இல்லை, 'ஷௌ' என்ற எழுத்து. ஆயுள் என்று பொருள். வயதான ஒருவரின் பிறந்தநாளுக்குக் கொடுக்கத்தக்க தட்டு. ஜாடியில் விரிசல் விட்டதுபோல் இருக்கும் நீலப் பின்னணி, உடையும் பனிக்கட்டி. அதன்மேல் இலை வருமுன் குளிரிலேயே பூக்கும் பிளம். பனி போய் வசந்தம் வருகிறது என்று சேதி.

தரகர்கள் படத்தை இப்படிப் படிப்பதில்லை. டிராகனுக்கு ஐந்து நகம் என்றால் உடனே 'அரசருடையது' என்பார்கள். ஐந்து நகம் வரைய யாருக்குத்தான் தெரியாது?

பணத்துக்கு வருவோம். பெயருள்ள ஏல நிறுவனங்கள் படத்தைப் பார்த்து உத்தேச மதிப்பு சொல்லக் காசு கேட்பதில்லை. விற்றபின் கமிஷன் பிடித்துக்கொள்வார்கள். முன்பணமாகப் பதிவு, பட்டியல், விளம்பரம் என்று கேட்பவருக்கு அந்த முன்பணம்தான் வியாபாரம்; ஜாடி விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்குக் கவலை இல்லை. இன்னொரு வேலையும் செய்வார்கள்: "மூடியை மட்டும் கொடுங்கள், காட்டிவிட்டு வருகிறேன்." மூடி போய்விட்டால் ஜாடியின் விலை பாதாளத்துக்குப் போகும். அப்புறம் அவரே பெரிய மனசு பண்ணி வந்து அதை வாங்கிக்கொள்வார்.

அவர் பேச்சிலேயே ஒரு கோளாறும் இருக்கிறது. 1972 தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 350 ஆண்டு என்பது உண்மையானால் அது ஹாங்காங் போகவே கூடாது. நூறுக்குக் குறைவு என்றால் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்க வேண்டும். எப்படி அனுப்புவீர்கள் என்று அவரிடம் கேளுங்கள், முகத்தைப் பாருங்கள்.

இப்படிப்பட்டவர்கள் பிழைப்பதற்கு நம் அமைப்பும் ஒரு காரணம். ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் சில்லுகளைத் தோண்டி எடுத்து அறிக்கை எழுதிய நாடு இது. ஆனால் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு ஜாடியைக் காட்டி விசாரிக்கப் பக்கத்தில் ஓர் இடம் கிடையாது. அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் விலை சொல்ல மாட்டோம் என்பார்கள். அது நியாயம்தான், ஆனால் என்னவென்றாவது சொல்லலாமே. மனு கொடுங்கள், மேலே அனுப்புகிறோம் என்பார்கள். அந்த இடைவெளியில்தான் தரகர் வந்து உட்காருகிறார்.

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் நிறம் மேல்பூச்சாக இருப்பதால் சாம்பல், பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் படக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். அடிவட்ட அழுக்கையும் உரசல் தேய்மானத்தையும் சுரண்ட வேண்டாம், பார்ப்பவருக்கு அதுதான் சாட்சி. இன்னொரு முறை எழுதினால் எழுத்தை மட்டும் படம் எடுக்காமல், ஜாடியைக் கவிழ்த்து அடிவட்டம் முழுவதும் தெரிய, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மூடியின் உள்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.