பாரீசில் ஒரு வார இறுதி: ஆஹன் மாணவருக்கு ஒரு பதில்

தம்பி, அக்டோபரில்தான் முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனியின் ஆஹன் நகருக்கு வந்ததாகவும், நண்பர்கள் நால்வராக இந்தச் சனி, ஞாயிறில் பாரீசுக்குப் போகவிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எவற்றைப் பார்ப்பது, சைவ உணவு எங்கே கிடைக்கும், விசாவால் தொல்லை வருமா, அப்படியே லண்டனையும் எட்டிப் பார்க்கலாமா என்பன உங்கள் கேள்விகள். பார்க்க வேண்டிய இடங்களை எந்தப் பயணக் கையேடும் சொல்லிவிடும். ஈஃபிள் கோபுரம் 1889 முதல் அங்கேயேதான் நிற்கிறது. இம்முறை தவறினாலும் அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கடவுச்சீட்டைத் தொலைத்தால் இந்தப் பருவத் தேர்வே தள்ளிப்போகலாம் என்பதால், நான் அதைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் லண்டன்: முடியாது. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். பாரீசுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஜெர்மனியின் குடியிருப்பு அனுமதி அட்டையோ, காலம் முடியாத தேசிய விசாவோ (நீண்டகாலத் தங்கலுக்கானது) இருந்தால், ஒரே விசா செல்லும் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம். விசா முடிந்து, அட்டை வராமல், வெளிநாட்டவர் அலுவலகம் தந்த தற்காலிகச் சான்று மட்டும் கையில் இருக்கிறதென்றால், அந்த அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் எல்லையைத் தாண்டாதீர்கள். "யாரும் சோதிக்க மாட்டார்கள் மச்சி" என்று வாட்சப் குழுவில் துணிச்சல் ஊட்டும் சீனியர்கள் ஒவ்வோர் ஆண்டும் முளைக்கிறார்கள். மாட்டிக்கொண்டவனுக்காகக் காவல் நிலையத்துக்கு வந்து நின்ற சீனியரை நான் இதுவரை பார்த்ததில்லை. 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் தரை எல்லைகள் அனைத்திலும் சோதனையை நீட்டித்திருப்பதால், பெல்ஜியம் வழியாகத் திரும்பும் உங்கள் பேருந்தை ஆஹனுக்கு அருகே நிறுத்தி, தூக்கத்தில் இருப்பவரையும் எழுப்பி ஆவணம் கேட்க வாய்ப்புண்டு. அப்போது கைபேசியில் இருக்கும் படம் உதவாது, அசல்தான் வேண்டும்.

அசலைக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அடுத்த கவலையையும் கொண்டுவருகிறது. கடவுச்சீட்டும் அட்டையும் சட்டையின் உள்பையில் இருக்கட்டும். முதுகுப்பையின் வெளி அறையில் தண்ணீர்ப் புட்டியைத் தவிர வேறெதுவும் வைக்காதீர்கள். மெட்ரோவின் முதல் தடத்தில் கூட்டம் நெருக்கும்போதும், கதவு மூடப்போகும் நொடியிலும்தான் கைபேசிகள் பறிபோகின்றன. மோன்மார்த்ர் குன்றின் படிக்கட்டில் உங்கள் மணிக்கட்டில் கயிறு கட்ட வருபவரிடம் கையை நீட்டாதீர்கள். கட்டிய பிறகு காசு கேட்பார்கள். காது கேளாதோருக்கான மனு என்று கையெழுத்துக்கு அட்டையை நீட்டும் பெண்களும், ஈஃபிள் அருகே மூன்று கோப்பைகளை உருட்டிப் பந்தயம் கட்டச் சொல்பவர்களும் இதே வகைதான். அங்கே ஜெயித்துக்கொண்டே இருக்கும் அந்த ஆள் அவர்களுடைய ஆள்.

நான் 2004-இல் வந்தபோது, பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில், முன்பின் அறியாத ஒருவரின் காரில் இதே பயணத்தைப் போனேன். உடன் வந்த கோயம்புத்தூர் நண்பருடைய பை, சனிக்கிழமை மாலை ஒரு ரயில் நிலைய இருக்கையில் எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்தே காணாமல் போயிற்று. வார இறுதியில் தூதரகம் மூடியிருக்கும் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். திங்கள்வரை காத்திருந்தது, காவல் புகாரின் படியைச் சுமந்து அலைந்தது, இங்கே வந்து குடியிருப்பு அனுமதிக்கு மீண்டும் விண்ணப்பித்தது எனக் குளிர்காலம் முழுவதும் அவருக்கு அதிலேயே போயிற்று. அவர் லூவ்ர் அருங்காட்சியகத்தில் எடுத்த புகைப்படச் சுருளும் அந்தப் பையில்தான் இருந்தது. ஆகவே எல்லா ஆவணங்களின் நகலையும் மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். வங்கி அட்டை போய்விட்டால் முடக்குவதற்கான ஜெர்மன் எண் 116 116. பிரான்சிலிருந்து அழைக்கும்போது முன்னால் 49 என்ற நாட்டு எண்ணைச் சேர்க்க வேண்டும். ஜெர்மன் அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்புறம் ஐரோப்பிய மருத்துவ அட்டையாகவே செல்லும் என்பதால் அதையும் மறக்காதீர்கள்.

பயணச்சீட்டிலும் இதே கண்டிப்பு வேண்டும். மெட்ரோவை விட்டு வெளியேறும்வரை சீட்டைக் கையில் வைத்திருங்கள், ஏனெனில் வெளியேறும் வழியில்தான் பரிசோதகர்கள் கூட்டமாக நிற்பார்கள். விசாவுக்காக வங்கியில் பணத்தை முடக்கிவைத்த கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்து வாழும் மாணவருக்கு ஓர் அபராதம் என்பது அரை மாத மளிகை. ஜெர்மனியில் மண்டலக் கட்டண அட்டவணைகளை மனப்பாடம் செய்தே நான் இந்த நாட்டுக்குப் பழகினேன். இப்போது ஜெர்மானிய சகாக்களே எந்தச் சீட்டு எடுப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள்.

குடியிருப்பு அட்டையால் ஒரு லாபமும் உண்டு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கும் 18 முதல் 25 வயதினருக்கு லூவ்ரில் கட்டணமில்லை. வயது 23 என்கிறீர்கள். குடியிருப்பு அட்டை வந்துவிட்டதென்றால், நேரத்தை மட்டும் முன்பதிவு செய்துகொண்டு அட்டையைக் காட்டி நுழையலாம். 2019 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்த நோத்ர் தாம் தேவாலயத்துக்கும் கட்டணமில்லை. இந்த இரண்டும் ஒரு நாளுக்குப் போதும். ஒரே வார இறுதியில் பாரீஸ், பிரசெல்ஸ், ஆம்ஸ்டர்டாம் மூன்றையும் 'முடித்துவிட்டேன்' என்று படம் போடுபவர்கள், மூன்று ஊர்களின் பேருந்து நிலையங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சைவ உணவுக்குக் 'கார் து நோர்' (Gare du Nord) ரயில் நிலையத்திலிருந்து லா சப்பல் பக்கம் நடந்தால் போதும். 1983-க்குப் பின் உயிருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு, கோடை முடிவில் அதன் தேர் பாரீஸ் வீதியில் ஓடும். 2004 பயணத்தில் நாங்கள் பசியோடு நுழைந்த கடையில் ஓர் அம்மா, "தம்பி எவடம்?" என்று கேட்டு, இடியாப்பத்துக்கு இரண்டாம் முறை சொதி ஊற்றிவிட்டு அதற்குக் காசு வாங்க மறுத்தார். அதே தெருவில் நம் ஊர் மாணவர்கள் சிலர் சென்னை விலையைச் சொல்லிப் பேரம் பேசுவதைப் பிற்காலத்தில் கேட்டிருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள்.

ஞாயிறு இரவு ஆஹன் திரும்பும்போது கடைகள் மூடியிருக்கும்; பாலும் ரொட்டியும் வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.