வீட்டில் திறக்க வேண்டிய ஜன்னல் கடைத் திரையில் திறப்பது ஏன்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையிலும் நெல்லிக்குப்பத்து வீட்டிலும் உபுண்டு (லினக்ஸ்) கணினிகள்தாம். வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகக் கடைக் கணினிக்குள் நுழைந்து லிப்ரே ஆபிஸைத் திறந்தால், 'டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை' என்று வந்தது. டெக்னீஷியன் ஒருவர் 800 ரூபாய் வாங்கிக்கொண்டு சரிசெய்தார். இப்போது பிழைச் செய்தி வருவதில்லை, ஆனால் வீட்டில் ஒன்றும் திறப்பதுமில்லை. காலையில் போய்ப் பார்த்தால் கடைத் திரையில் நான்கைந்து ஜன்னல்கள் திறந்து கிடக்கின்றன. என்ன செய்வது?

பதில்: டெக்னீஷியன் தவறான முகவரியை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஜன்னலை எந்தத் திரையில் வரைய வேண்டும் என்பதை மென்பொருள் 'டிஸ்ப்ளே' என்னும் சூழல் மாறியை (மென்பொருள்கள் படிப்பதற்காகக் கணினி ஒரு பெயரில் வைத்திருக்கும் மதிப்பு) பார்த்தே தெரிந்துகொள்கிறது. அதில் முக்காற்புள்ளியும் சுழியமும் மட்டும் இருந்தால், மென்பொருள் ஓடும் அதே கணினியின் திரை என்று பொருள். லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் வரையும் எக்ஸ் ஜன்னல் அமைப்பு, அமெரிக்காவின் எம்ஐடியில் 1984இல் உருவானபோதே, மென்பொருள் ஓர் இயந்திரத்திலும் திரை வேறோர் இயந்திரத்திலும் இருக்கலாம் என்று கருதித்தான் அதை வடிவமைத்தார்கள். ஆகவே நீங்கள் கேட்பது புதுமையான வசதி அன்று.

எஸ்எஸ்எச் கட்டளையுடன் ஒரு சிறு கோடும் பெரிய எக்ஸ் எழுத்தும் சேர்த்து நுழைந்தால், கடைக் கணினியில் அந்த மாறி தானாகவே 'லோக்கல்ஹோஸ்ட்', முக்காற்புள்ளி, 10.0 என்று அமைந்துவிடும். அந்த 10 உங்கள் வீட்டுத் திரைக்கு வரும் பாதையின் எண். நீங்கள் நுழையும்போதெல்லாம் தானாக ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் டெக்னீஷியன் எழுதிய வரி, நீங்கள் நுழைந்த மறுகணமே அதை அழித்துச் சுழியத்தை எழுதிவிடுகிறது. அந்த வரியை நீக்கிவிட்டு வெளியேறி, மறுபடியும் எக்ஸ் எழுத்துடன் நுழையுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறு. ஜன்னல் கடைத் திரையில் தடையின்றித் திறக்கிறதென்றால், திரையை யார் பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்கும் 'எக்ஸ்ஹோஸ்ட்' கட்டளையை அவர் கூட்டல் குறியுடன், கணினி தொடங்கும்போது ஓடும் பட்டியலில் சேர்த்திருக்கவும் கூடும். வாசலுக்குப் பூட்டே வேண்டாம் என்று கழற்றி வைப்பது போன்ற வேலை இது. அதன்பின் அந்தத் திரையை எட்ட முடிந்த எவரும் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும், கடவுச்சொல் உட்பட, படித்துவிடலாம். வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் கிடக்கும் கணினியில் இதைச் செய்துவிட்டுக் கூலியும் வாங்குபவரை நான் மன்னிக்க மாட்டேன். அந்த வரி பட்டியலில் இருந்தால் எடுத்துவிட்டு, கடைத் திரையின் முன் உட்கார்ந்து அதே கட்டளையைக் கழித்தல் குறியுடன் ஒருமுறை கொடுங்கள்.

டிஸ்ப்ளே மதிப்பைக் கையால் எழுத வேண்டிய இடம் ஒன்று உண்டு. காலை 9 மணிக்குக் கடைத் திரையில் விலைப்பட்டியல் தானாகத் திறக்க வேண்டும் என்று, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக ஏற்பாடு செய்தால், கிரானுக்கு எந்தத் திரை என்பது தெரியாது. அப்போது கடைத் திரையின் முன் உட்கார்ந்து, டெர்மினலில் எக்கோ கட்டளையுடன் டாலர் குறியும் மாறியின் பெயரும் தட்டிப் பாருங்கள்; சில கணினிகளில் சுழியத்துக்குப் பதில் 1 வரும். வந்த மதிப்பை அந்த ஒரு வேலையின் வரியிலேயே, கட்டளைக்கு முன்னால் எழுதுங்கள். அனுமதி இல்லை என்று மறுத்தால், திரைக்கான அனுமதிச் சாவி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று சொல்லும் 'எக்ஸ்அதாரிட்டி' மாறியையும் அதே முறையில் பார்த்து அதே வரியில் சேருங்கள். பாஷ்ஆர்சி போன்ற பொதுக் கோப்பில் எழுதிவிடாதீர்கள்.

முகவரி இல்லை என்பதை 'திறக்க முடியவில்லை' என்று மொட்டையாகச் சொல்லும் பிழைச் செய்தி இத்தனை ஆண்டுகளாகியும் மாறவில்லை. இத்தகைய டெக்னீஷியன்களுக்குப் பிழைப்புத் தருவதே அதுதான். வரியை நீக்கிய பிறகும் அதே செய்தி வந்தால், கடைக் கணினியில் அனுமதிச் சாவிகளைக் கையாளும் 'எக்ஸ்ஆத்' நிறுவப்பட்டிருக்கிறதா என்றும், எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்புக் கோப்பில் 'எக்ஸ்11 ஃபார்வர்டிங்' என்பதற்கு எதிரே 'yes' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.