படுக்கையில் இருப்பவருக்கு நற்கருணை

கேள்வி: பக்கவாதத்தால் என் மாமியார் படுக்கையில் இருக்கிறார். பேச்சு குழறுகிறது. நற்கருணை கொடுக்க ஃபாதரை வீட்டுக்கு அழைக்க என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்) கேட்டால் மாமியார் பயப்படுவாரோ?

பதில்: உங்கள் அன்பியப் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழு) பொறுப்பாளரிடமோ பங்கு அலுவலகத்திலோ பெயர், முகவரியோடு அவர் எதை விழுங்க முடியும் என்பதையும் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பக்கவாதம் வந்தவருக்கு முழு நற்கருணை அப்பம் தொண்டையில் சிக்கலாம். சிறு துணுக்கே போதும், அதிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவையுங்கள். தண்ணீரே புரையேறுபவர் என்றால், எதில் கலந்து கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள்.

சிறு மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு அறையப்பட்ட சிலுவை), இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர் வையுங்கள். அறையில் ஆக்சிஜன் ஓடினால் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். நற்கருணைக்கு முன் இருக்கும் ஒரு மணி நேர நோன்பு நோயாளிக்கும் இல்லை, கவனித்துக்கொள்ளும் உங்களுக்கும் இல்லை, நீங்களும் நற்கருணை வாங்கலாம்.

பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். பேச்சு வராவிட்டால் தலையசைப்பே போதும்.

நற்கருணையை, அதைக் கொடுக்க நியமிக்கப்பட்ட பணியாளரும் கொண்டுவரலாம். நோயில்பூசுதலைக் குருவானவர் மட்டுமே தர முடியும். சாகும் நேரம்வரை காத்திருப்பதுதான் பெரிய தவறு. நினைவோடு இருக்கும்போதே கேளுங்கள். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி, உடல் நலத்துக்காகவும்தான் செபிக்கிறார்கள் என்று மாமியாரிடம் முன்பே சொல்லுங்கள். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.